கண்ணோரத்தில் முதுமை ஏன் முந்துகிறது?

சோமனூருக்கு அருகே, விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய ஓர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். மூத்த மகளுக்குத் திருமணம் உறுதியாகி, அழைப்பிதழும் அச்சாகி வந்திருந்தது. அதை நம்மிடம் தருமுன், பெயர்கள் சரியாக உள்ளனவா என்று ஒருமுறை பார்த்துவிட விரும்பினார் அவ்வீட்டுத் தாய். அழைப்பிதழைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார். தலையைப் பின்னுக்கு இழுத்தார். கண்களை இடுக்கினார். கடைக்கண்களிலிருந்து விசிறி விரித்தாற்போல் கோடுகள் எழுந்தன. அவருக்கு வயது 43 தான்.

“பொண்ணு பாக்க வந்தவங்க, என்னையப் போயி பொண்ணோட அப்பத்தாளான்னு கேட்டுப்போட்டாங்க சாமி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பில் பாதி வருத்தம் கலந்திருந்தது. அதன் பிறகு அவர் ஒரு காரியம் செய்திருந்தார். பக்கத்துக் கடையில் யாரோ சொன்ன களிம்பு ஒன்றை வாங்கி, நான்கு மாதங்களாக ஒவ்வோர் இரவும் கண்ணைச் சுற்றித் தடவி வந்திருக்கிறார். முதல் மாதம் தோல் வெளுத்துப் பளபளத்ததாம். நாம் பார்த்த அன்றோ, இமைகளின் தோல் வெங்காயச் சருகைப்போல் மெலிந்து, சிவந்த நரம்பிழைகள் வெளியே தெரிந்தன. களிம்பை ஒரு நாள் விட்டாலும் எரிச்சல் தாங்கவில்லை என்றார்.

இந்த ஒரு தாயின் கதை இவ்வளவில் முடிவதன்று. நம் குடும்பங்கள் பலவற்றில் இதே வருத்தமும் இதே தவறும் உண்டு. ஆகவே, முகத்தின் பிற பகுதிகள் இளமையோடிருக்க, கண்ணோரம் மட்டும் ஏன் முந்தி மூப்படைகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

மெல்லிய தோல், ஓயாத வேலை

நம் உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைகளின் மேல் உள்ளதுதான். அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. கன்னத்துத் தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரு மெத்தைபோல் இருந்து அதைத் தாங்குகிறது. இமைத் தோலுக்கு அத்தகைய மெத்தை இல்லை எனலாம். தோலை நெகிழ்வாக வைக்கும் எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளும் இங்கே சிறியவை, குறைவானவை. ஆகவே இத்தோல் எளிதில் உலர்கிறது. உலர்ந்தால் எளிதில் மடிகிறது.

இம்மெல்லிய தோலுக்கு வாய்த்த வேலையோ பெரிது. கண்ணைச் சுற்றி வளையம்போல் ஒரு தசை அமைந்திருக்கிறது. நாம் இமைக்கும்போதும், சிரிக்கும்போதும், அழும்போதும், கண்களை இடுக்கும்போதும் அத்தசை சுருங்கித் தன் மேலுள்ள தோலையும் இழுக்கிறது. நிமிடத்திற்கு 15 முறை இமைப்பதாகக் கொண்டால், 16 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவர் நாளொன்றுக்கு 14,400 முறை இமைக்கிறார். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மடிக்கப்படும் துணியில் மடிப்பு நிலைத்துவிடுவதை அறியாத தாய்மார் உண்டோ?

இளமையில் தோல் மடிந்தவுடன் மீண்டும் விரிந்துகொள்ளும். தோலுக்கு வலிமை தரும் கொலாஜன், மீளும் தன்மை தரும் எலாஸ்டின் என்னும் இரு வகை இழைகளே அதற்குக் காரணம். இருபதுகளின் நடுப்பகுதியைக் கடந்தபின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைந்துகொண்டே வருகிறது. முகம் முழுவதற்கும் இந்த இழப்பு பொதுவானதுதான். ஆயினும் இருப்பு குறைந்த இடத்தில்தானே பற்றாக்குறை முதலில் தெரியும்? அவ்விடம் கண்ணோரம்.

வெயிலும் காற்றும்

இவ்விழைகளை வயதைக் காட்டிலும் விரைந்து அழிப்பது வெயில். கோவையின் இதமான காற்றைப் பற்றி நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் தோலைக் கெடுப்பது வெயிலின் சூடு அன்று, அதிலுள்ள புற ஊதாக் கதிர்களே. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 11 பாகையில் இருக்கும் நம் நிலத்தில், காற்று குளிர்ந்திருக்கும் நாளிலும் நண்பகல் ஞாயிற்றின் கதிர்கள் வலிமை குன்றுவதில்லை. கறுத்த தோலிலுள்ள நிறப்பொருள் நமக்கு ஓரளவு காப்பு அளிக்கிறது என்பது மெய். வெள்ளையரைவிட நமக்குச் சுருக்கம் காலம் தாழ்த்தியே தோன்றும். ஆனால் அதே நிறப்பொருள் கண்ணைச் சுற்றிக் கருவளையமாகத் திரள்வது நம்மிடையே மிகுதி. பல குடும்பங்களில் அது தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ வரும் சொத்து.

வெயில் என்ன செய்யவல்லது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டிய 69 வயதுடைய ஒருவரின் நிழற்படம் 2012 ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளிவந்தது. அவர் முகத்தின் வலப்பாதி வயதிற்கேற்ப இருந்தது. இடப்பாதியோ தடித்து, ஆழ்ந்த சுருக்கங்களோடு பல ஆண்டுகள் மூத்தவருடையதுபோல் காட்சியளித்தது. அந்நாட்டில் ஓட்டுநர் அமர்வது இடப்பக்கம். பக்கக் கண்ணாடி வழியே ஆண்டாண்டாக விழுந்த வெயிலே அவ்வேறுபாட்டிற்குக் காரணம். புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை கண்ணாடியை ஊடுருவி வரும். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் நாடெங்கும் லாரி ஓட்டிச் செல்லும் நம் சகோதரர்களுக்கு அந்த வெயில் விழுவது வலக்கன்னத்தில்.

வெயிலோடு காற்றும் சேர்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. வயலில் நிற்பவரின் கண்ணிலோ புழுதியை இறைக்கிறது. கண்ணை இடுக்காமல் யார் அக்காற்றில் நடக்க முடியும்? நம் பாட்டனார் தலையில் கட்டிய உருமாலையும், களையெடுக்கும் பெண்கள் நெற்றி மறைய இழுத்துவிடும் முக்காடும் வீண் வழக்கங்கள் அல்ல. அவற்றை நாகரிகமின்மை என்று கைவிட்டவர்கள் இழந்தது கொஞ்சமன்று.

புகையையும் சொல்லியாக வேண்டும். விறகடுப்பின் புகை கண்ணை உறுத்திக் கசக்க வைக்கிறது. பீடி, சிகரெட்டின் புகையோ அதனினும் கேடானது. அது தோலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களைச் சுருக்கி, கொலாஜனையும் அழிக்கிறது. புகைப்பவரின் முகம் முந்தி மூப்பது இதனால்தான்.

களிம்புக்கு முன் கண்ணாடி

இனி, பலரும் எண்ணிப் பாராத ஒரு காரணம். நாற்பது வயதை ஒட்டி, கண்ணின் உள்ளிருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. அருகிலுள்ள எழுத்து மங்குகிறது. இதையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். இது நோயன்று, எவருக்கும் வருவது. ஆனால் கண்ணாடி அணியாதவர், அணியும் வரை ஒவ்வொரு நாளும் கண்களை இடுக்கியே பார்க்கிறார். அறுந்த பாவு இழையைத் தேடி முடிச்சிடும் தறிக்காரர், திருப்பூர் பனியன் கம்பெனியில் துணியின் ஓட்டையையும் கறையையும் தேடும் பெண்கள், அரிசியில் கல் பொறுக்கும் தாய்மார், இவர்கள் எல்லாரும் நாள் முழுதும் அத்தசையைச் சுருக்கியவண்ணமே இருக்கின்றனர். கோடுகள் ஆழப் பதிவதில் வியப்பென்ன?

“கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்பார்கள்” என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். கண்ணாடி போடாமையால் அல்லவா வயதானவர்போல் தோன்றுகிறார்கள்! இழப்பு அழகோடு நிற்பதுமில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2018 இல் வெளியானது. கிட்டப்பார்வைக்குரிய கண்ணாடி பெற்றோர், பெறாதோரைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். கூலி வேலையில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு! இக்கண்ணாடிக்கு ஆகும் செலவோ சில நூறு ரூபாய்.

நம் வட்டாரத்தில் இதற்கு வழியில்லை என்று எவரும் சொல்ல இயலாது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997 முதல் கோவையிலும் பணியாற்றி வருகிறது. அரசு மருத்துவமனைகளிலும், ஊர்ப்புறப் பள்ளிகளில் நடைபெறும் முகாம்களிலும் கண்களைச் சோதித்துக்கொள்ளலாம்.

களிம்பின் கேடு

அத்தாய் பயன்படுத்திய களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு என்னும் மருந்து. கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு மருத்துவர் குறுகிய காலத்திற்கு, குறைந்த அளவில் தரும் நல்ல மருந்துதான் அது. ஆனால் நிறம் வெளுக்கவும் சுருக்கம் மறையவும் அதை மாதக்கணக்கில் தடவுவோர் பெருகிவிட்டனர். முதலில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தோல் வெளுத்துத் தோன்றும். அதுவே மயக்கம் தருகிறது. பின்னர் கொலாஜன் உண்டாவது தடைபட்டு, தோல் மேலும் மெலியும். சுருக்கத்தைப் போக்கத் தடவியதே சுருக்கத்தை வளர்க்கும். நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் கிளம்பும். அதற்கு அஞ்சி மீண்டும் தடவுவர்.

அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. மெல்லிய இமை வழியே அம்மருந்து கண்ணுக்குள் கசியும். சிலருக்கு அது கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்தி, வலியே இல்லாமல் பார்வை நரம்பை அரிக்கும். இதுவே கிளாக்கோமா. அதனால் இழந்த பார்வையை எந்த மருத்துவராலும் மீட்டுத் தர இயலாது. கண்புரையும் இளமையிலேயே தோன்றக்கூடும். இத்தகைய 14 தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மத்திய அரசு 2018 ஆம் ஆண்டு ஆணையிட்டது. எனினும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்றும் உள்ளன. ஆகவே குழாயின் மேலுள்ள பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், புளுவோசினோலோன் ஆகிய பெயர்களுள் ஒன்று காணப்பட்டால், மருத்துவர் சொல்லாமல் அதைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். முன்பே பயன்படுத்தி வருவோர் தாமாக நிறுத்தி அல்லலுறாமல், தோல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் விரைந்து காண்பாராக.

முதுமையென்று எண்ணி விடலாகாதவை

கண்ணோரத்தில் தோன்றுவன எல்லாம் வயதின் அடையாளங்கள் அல்ல. மூக்கை ஒட்டிய இமை ஓரத்தில் மஞ்சள் நிறத் தடிப்புகள் தோன்றினால், இரத்தத்தில் கொழுப்பைச் சோதிக்க வேண்டும். இவை உள்ளவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கொழுப்பு மிகுந்திருக்கும். காலைதோறும் இமைகள் வீங்கி, கால்களும் வீங்குமாயின் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். கீழிமையின் உட்புறம் சிவப்பற்று வெளிறியிருந்தால் அது இரத்தச்சோகையாகலாம். இமையில் ஆறாத புண்ணோ, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டியோ புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். ஓர் இமை திடீரெனச் சரிந்துவிட்டால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

வந்துவிட்ட சுருக்கத்தை முற்றிலும் அழிக்கும் களிம்பு எதுவும் கடையில் இல்லை. ஆனால் வருவதைத் தாமதப்படுத்தலாம். வயலுக்கும் சாலைக்கும் செல்வோர் தலையையும் நெற்றியையும் நிழலில் வையுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் குளிர்கண்ணாடி இரு சக்கர வண்டி ஓட்டுவோருக்கு ஆடம்பரமன்று; வெயிலையும் புழுதியையும் ஒருங்கே தடுக்கும். பஞ்சுத் தூசி படிந்த கையால் கண்ணைக் கசக்காதீர்கள், தண்ணீரால் கழுவுங்கள். அரிப்பு நீடித்தால் அதற்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள். கண்மையைத் துடைக்கும்போது அழுத்தித் தேய்க்காமல், எண்ணெய் தொட்ட பஞ்சால் மெல்ல ஒற்றியெடுங்கள். வறண்ட தோலுக்கு இரவில் சிறிது வாசலின் போதும். புகையை விடுங்கள். நேரத்தோடு உறங்குங்கள். நாற்பது வயதானதும், குறை தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், கண்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வீட்டுத் தாயின் முகத்தைக் காட்டி நகையாடும் ஒரு சொல்லே பல வேளைகளில் அவரைக் களிம்புக் கடைக்கு அனுப்புகிறது. அவர் கண்களை இடுக்குவதைக் கண்டால் கேலி செய்யாதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சோமனூர்த் தாயை அவருடைய மகளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். கண்ணின் அழுத்தம் உயர்ந்திருந்தது. ஆனால் நரம்புக்குக் கேடு நேருமுன் கண்டுபிடிக்கப்பட்டது. களிம்பு நின்று சில வாரங்களில் அழுத்தம் தணிந்தது. தோல் தேறுவதற்கோ மாதங்கள் பல பிடித்தன. திருமண நாளன்று அவர் புதிய மூக்குக்கண்ணாடியோடு வாயிலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். கண்ணோரக் கோடுகள் அங்கேதான் இருந்தன. மொய் எழுதிய நோட்டை மாலையில் தாமே கையில் வாங்கி, ஒரு பெயரும் தவறாமல் படித்தார்.