மிச்சமாகும் நேரம் யாருக்கு?

வினைத்திறன் என்னும் சொல் தொழிற்சாலையை விட்டு வெளியேறி நம் சமையலறை வரை வந்துவிட்டது. குறைந்த நேரம், குறைந்த ஆள், கூடிய பலன் என்பதே அதன் இலக்கணம். நாம் மிளகாய்த்தூள் வாங்கும் முறையைக்கூட அது மாற்றியிருப்பதைக் காணக் கண்டி நகரில் ஒரு நாள் கடைவீதி சுற்றினாற் போதும்.

தலதா வீதியில் கார்கில்ஸ் கடையும், 2005 இல் திறக்கப்பட்ட கண்டி சிற்றி சென்டரும் உள. இத்தகைய கடைகளுள் நுழைவோரை எவரும் "என்ன வேண்டும்?" என்று வினவுவதில்லை. கூடையை ஏந்தித் தட்டுத் தட்டாகத் தேடி, எடுத்துச் சுமந்து, வரிசையில் நிற்பவர் நாமே. இம்முறைக்கு வழிகாட்டியவர் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்னும் அமெரிக்கர். 1916 இல் மெம்பிஸ் நகரில் 'பிக்லி விக்லி' என்ற விசித்திரப் பெயருடன் அவர் ஒரு கடையைத் திறந்தார். அதுவரை கடைச் சிப்பந்தி எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுத்த வேலையை வாங்குவோரின் கையிலேயே ஒப்படைத்தார். பண்டங்களிலெல்லாம் விலை குறிக்கப்பட்டது. கடன் என்ற பேச்சே இல்லை. ஆட்கூலி குறைந்தது, விலையும் குறைந்தது. நம் நாட்டில் 1983 இல் கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பில் தன் முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் தொடங்கியது.

இதில் நன்மை இல்லையென்று சொல்லோம். முகம் பார்த்து விலை கூறும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. வேலைக்குச் செல்லும் தம்பதியர்க்கு அரைமணி நேரம் மிச்சமாவதும் உண்மையே. ஆயினும் வேலை ஒழிந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. அம்மாற்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு போலும். வட இங்கிலாந்தில் பூத்ஸ் என்னும் கடைக்குழு, வாங்குவோரே பணம் செலுத்தும் இயந்திரங்களை இரு கடைகள் நீங்கலாக ஏனையவற்றிலிருந்து அகற்றப்போவதாக 2023 இல் அறிவித்தது. வாடிக்கையாளர் மனிதரையே விரும்பினராம்!

நிற்க, ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பகுதித் தோட்டங்களில் வாழும் தாய்மாரின் கணக்கு வேறு. அவர்களுடைய நாளே நிறையால் அளக்கப்படுவது. பறித்த கொழுந்து குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அதாவது பாதி நாட்கூலி. வினைத்திறனின் தராசில் பகலெல்லாம் நிற்பவர்கள், மாலையில் அதன் பயனை நுகர நகருக்கு வருவதெனில் பஸ் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. அவற்றை எந்தப் பற்றுச்சீட்டும் காட்டுவதில்லை.

அவர்களுக்கு உதவுவது தோட்டத்தருகே உள்ள சில்லறைக் கடை. நூறு கிராம் பருப்பு, கால் போத்தல் தேங்காயெண்ணெய், ஒரு துண்டு கருவாடு. யாவும் கொப்பியில் எழுதப்பட்டுச் சம்பள நாளில் தீர்க்கப்படும். அக்கொப்பியைப் புகழ்ந்துரைப்பதும் நம் நோக்கமன்று. கடன் உள்ளவர் அதே கடையில் விலை கூடினாலும் வேறு கடைக்கு எளிதிற் போக முடியாது. கூட்டிய கணக்கைச் சரிபார்க்க அறியாதோர் ஏமாறவுங் கூடும். இருப்பினும், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தபோது, முழுப் பொதிக்குப் பணமில்லாத வீட்டுக்குத் தட்டில் அடுக்கிய பொதியால் என்ன பயன்? பொதியை உடைத்து ஐம்பது கிராம் நிறுத்துத் தரும் கையும், "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று கொப்பியை மூடும் மனமும் எந்த வினைத்திறன் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் அன்றிரவு அடுப்பு எரிந்தது அவற்றாலேதான்.