ஈஸ்ட் ஹாம் தெருவில் ஒரு பாறைப் பாடம்

இயர் 7, இயர் 8-ல் பிள்ளை இருக்கிற வீடு என்றால், ஏதோ ஒரு மாலையில் இந்தப் படம் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தே தீரும். மூன்று பெட்டிகள், சுற்றிவர அம்புக்குறிகள். மேலே தலைப்பு, 'ராக் சைக்கிள்'. எங்கள் பெற்றோர் படித்த தமிழில் பாறைச் சுழற்சி. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில், 11 முதல் 14 வயது வரையான கீ ஸ்டேஜ் 3 அறிவியலில் இது கட்டாயப் பாடம்.

கிழக்கு லண்டனில் ஒரு செகண்டரி ஸ்கூலில் நான் அறிவியல் படிப்பிக்கிறேன். பேரன்ட்ஸ் ஈவினிங்கில் தமிழ் அம்மா அப்பாமார் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "டீச்சர், இவன் எல்லாத்தையும் பாடமாக்கிப் போட்டான். பிறகும் ஏன் மார்க்ஸ் வரேல்லை?"

அம்புக்குறிகளைப் பாடமாக்கலாம். ஆனால் பரீட்சையில் வருவது "கிரானைட்டில் படிகங்கள் ஏன் பெரிதாக இருக்கின்றன?" என்ற மாதிரிக் கேள்வி. கல்லை ஒருநாளும் குனிந்து பார்க்காத பிள்ளைக்கு அது எங்கிருந்தோ வந்த கேள்வி. இதற்கு டியூஷன் தேவையில்லை. ஒரு ஞாயிறு காலை போதும்.

வாசலிலேயே தொடங்கலாம்

ஈஸ்ட் ஹாமின் வரிசை வீடுகள் பெரும்பாலும் 1890-களிலிருந்து 1910 வரையான காலத்தில் கட்டப்பட்டவை. பழைய கூரை மாற்றப்படாத வீடு ஒன்றை நிமிர்ந்து பாருங்கள். மெல்லிய, நீலச் சாம்பல் நிறத் தகடுகள் தெரியும். அது ஸ்லேட். அந்தக் காலத்துக் கூரை ஸ்லேட் பெரும்பாலும் வேல்ஸிலிருந்து வந்தது. கடலடியில் படிந்த சேறு இறுகிக் கல்லாகி, பிறகு நிலத்தட்டுகள் மோதிய அழுத்தத்திலும் சூட்டிலும் மாறி ஸ்லேட் ஆனது. அழுத்தத்தில் அதன் கனிமங்கள் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டதால்தான் தகடு தகடாகப் பிளக்கிறது. இது உருமாறிய பாறை.

இப்போது கீழே பாருங்கள். பழைய தெருக்களின் ஓரக்கற்களில் பல கிரானைட். கண்ணாடி போல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். பளபளக்கும் சின்னத் துணுக்கு மைக்கா. இது தீப்பாறை. பக்கத்திலேயே கொங்கிரீட் ஓரக்கல்லும் இருக்கும். அதில் கூழாங்கற்கள் சாம்பல் பசையில் புதைந்து கிடக்கும். எது பாறை, எது மனிதன் செய்தது என்று பிள்ளையையே சொல்ல விடுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில்

மூன்றாவது வகைக்கு ஹை ஸ்ட்ரீட் சவுத்தைப் பிடித்து இறங்கி, சென்ட் மேரி மக்டலீன் தேவாலயத்துக்குப் போகவேண்டும். 12-ஆம் நூற்றாண்டு நார்மன் கட்டடம், இன்றும் வழிபாடு நடக்கிறது. சுவரில் உள்ள கென்ட் ராக்ஸ்டோன் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்து உண்டான படிவுப் பாறை. இலங்கைப் பாடப் புத்தகத்தில் அடையற்பாறை என்பார்கள். லண்டன் கோபுரத்தைக் கட்டியதும் இந்தக் கல்லால்தான்.

"சவக்காலைக்கோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறது?" என்று அம்மம்மா கேட்பா. இது இப்போது இயற்கைக் காப்பிடமாகவும் இருக்கிற பெரிய தோட்டம். திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். பழைய நினைவுக் கற்களில் ஒரே காலத்துக் கற்களை ஒப்பிடச் சொல்லுங்கள். பளிங்கிலும் சுண்ணாம்புக்கல்லிலும் எழுத்து கரைந்து மங்கிப்போயிருக்கும். மழைநீரில் உள்ள மென்மையான அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். கிரானைட்டிலும் ஸ்லேட்டிலும் எழுத்து கூராக நிற்கும். 'வெதரிங்' என்று புத்தகம் சொல்வது இதுதான். கல்லைச் சுரண்டாமல் கண்ணால் மட்டும் பார்த்தால் போதும்.

ஸ்டோன்ஹெஞ்சை அளந்து ஆராய்ந்த வில்லியம் ஸ்டுக்லி 1765-ல் அடக்கமானது இந்தத் தோட்டத்தில்தான். வாழ்நாளெல்லாம் கற்களை அளந்தவருக்கு நினைவுக்கல் கிடையாது. பிள்ளைகள் இந்தக் கதையை மறக்கமாட்டார்கள்.

கேத்தலுக்குள் சுண்ணாம்புக்கல்

வீட்டுக்கு வந்து தேநீர் போடும்போது கேத்தலுக்குள் பாருங்கள். அடியில் வெள்ளைப் படலம் இருக்கும். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைகளில் ஊறி வருவதால் கடினநீர். கொதிக்கும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகத் திரும்பப் படிகிறது. தேவாலயச் சுவரில் இருக்கும் அதே பொருள்தான். கொஞ்சம் வினிகர் விட்டால் நுரைத்துக் கரையும். பாறை கரைவது, தண்ணீரோடு பயணிப்பது, வேறிடத்தில் படிவது என்ற மூன்று அம்புக்குறிகளும் உங்கள் கேத்தலிலேயே நடக்கின்றன.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். 50 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் படிந்தது. மழைநீர் அதைக் கரைத்து உண்டாக்கிய குழிதான் நிலாவரைக் கிணறு. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை எழுந்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். ஊரைக் காணாத பிள்ளைக்கு அம்மம்மா வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கற்கண்டு, பொரி உருண்டை, ரொட்டி

முதலில் கேட்ட கிரானைட் கேள்விக்குப் பதில் சமையலறையில் இருக்கிறது. சர்க்கரைக் கரைசலை நாட்கணக்கில் ஆறவிட்டால் பெரிய படிகங்களாகக் கற்கண்டு கிடைக்கும். காய்ச்சிய பாகைக் குளிர்ந்த தட்டில் ஊற்றினால் படிகமே தெரியாமல் கண்ணாடி போல இறுகும். நிலத்துக்கு அடியில் ஆழத்தில் மிக மெதுவாக ஆறியது கிரானைட். மேலே வந்து சீக்கிரம் ஆறியது பசால்ட். இரண்டுமே தீப்பாறைதான், ஆறிய வேகம்தான் வேறு.

படிவுப் பாறைக்குப் பொரி உருண்டை. பொரியை மணலாகவும், ஒட்டும் பாகை மணலை இணைக்கும் கனிமமாகவும் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உருமாறிய பாறைக்கு ரொட்டி. மாவு அழுத்தத்திலும் சூட்டிலும் வேறொன்றாக மாறுகிறது, ஆனால் ஒரு கணமும் உருகுவதில்லை. பல பிள்ளைகள் மார்க்ஸ் விடுவது இங்கேதான். உருகினால் அது மாக்மா. மாக்மா ஆறினால் தீப்பாறை.

நம்ம ஊர்க் கருங்கல்

புதிய கல்லறைகளில் வழுவழுப்பான கறுப்புக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல தென்னிந்தியாவிலிருந்து வருபவை. கடையில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பார்கள். பாறையியலில் பெரும்பாலும் அவை டோலரைட் அல்லது காப்ரோ. நாமும் அம்மிக்கும் கோயில் மூர்த்திக்கும் பாலத்துக்கும் சேர்த்துக் 'கருங்கல்' என்று ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம்.

அந்தக் கருங்கற்களில் ஒன்றுக்கு ஆங்கிலேயர் ஒருவரின் பெயர் உண்டு. கல்கத்தாவில் 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் ஆராய்ந்தார். அது சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைப் பாறை என்று கண்டு, 1893-ல் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டு வயது. ஈஸ்ட் ஹாமுக்கு அடியில் இருக்கும் லண்டன் களிமண்ணுக்கு சுமார் 5 கோடிதான். இந்தச் சார்னாக்கைட் தீப்பாறையா, உருமாறிய பாறையா என்று அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதாடியிருக்கிறார்கள். மூன்று பெட்டிகளுக்கும் நடுவே சுவர் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

நடந்து முடிந்து கேட்க மூன்று கேள்விகள்

ஒன்று: கூரை ஸ்லேட் ஒன்று கீழே விழுந்து நொறுங்கி, மழையில் தேம்ஸுக்குப் போனால் அடுத்து அது என்னவாகலாம்? மீண்டும் சேறாகிப் படிவுப் பாறை ஆகலாம். தீப்பாறையாகும் 'முறை' வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பாறையும் எந்தப் பாறையாகவும் மாறலாம்.

இரண்டு: கிரானைட் நிலத்துக்கு அடியில்தானே உண்டானது? ஓரக்கல்லாக்க அதை மேலே கொண்டுவந்தது யார்? நிலம் உயர்ந்ததும், மேலிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து போனதும்தான். பாடப் படத்தில் இந்த அம்புக்குறியைத்தான் பிள்ளைகள் கவனிப்பதில்லை.

மூன்று: இதற்கெல்லாம் எவ்வளவு காலம் எடுக்கும்? 1788-ல் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயின்ட்டில், செங்குத்தாக நிமிர்ந்த அடுக்குகளின் மேல் சாய்ந்து கிடந்த சிவப்பு மணற்கல்லைக் கண்ட ஜேம்ஸ் ஹட்டனைத் திகைக்க வைத்ததும் இந்தக் கேள்விதான். கடலில் படிந்து, நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் மறுபடி படிய மனிதக் கணக்குக்கு எட்டாத காலம் வேண்டும்.

பதிலைப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதட்டும். உங்களிடம் தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் விளக்கத் தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை படத்தைப் பாடமாக்கவில்லை, பாடத்தை விளங்கிக்கொண்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.