கார்த்திகைக் கிழங்கும் கொல்சிசினும்

மாரி மழை தொடங்கியதும் வேலிகளிலும் பற்றைகளிலும் கொடியோடிப் பூக்கும் கார்த்திகைப் பூவை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இலர். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலே முதலிடம் பெற்ற செங்காந்தள் இதுவென்பர். கலப்பை வடிவினதாதலின் இதன் கிழங்கு கலப்பைக் கிழங்கெனவும் வழங்கும். கிழங்கிலும் வித்திலும் உறைவது கொல்சிசின் என்னும் அற்கலோயிட்டு. மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்தும் அதுவே; கிழங்கை வற்றாளையென மயங்கி அவித்துண்டாரைக் கொன்ற நஞ்சும் அதுவே.

ஐரோப்பாவில் இம்மருந்தின் வரலாறு வேறொரு செடியோடு தொடங்குகின்றது. இலையுதிர் காலத்திற் பூக்கும் கொல்சிக்கம் என்னும் அச்செடியைக் கி. பி. முதலாம் நூற்றாண்டிலேயே தியோசுக்கோரிடிசு நஞ்சென எச்சரித்தார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் என்னும் மருத்துவர் மூட்டு நோய்க்கு அவ்வினக் கிழங்கை வழங்கினார். 1820 இற் பெலத்தியே, கவந்தூ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதன் சத்தைப் பிரித்தெடுத்தனர்.

கௌற்று எனப்படும் கீல்வாதத்தில் யூரிக்கமிலப் பளிங்குகள் மூட்டிலே, பெரும்பாலும் காற்பெருவிரலடியிலே, படிகின்றன. அவற்றைத் தாக்க வெண்குருதிக் கலங்கள் திரண்டு வருதலாலேயே வீக்கமும் பொறுக்கவொண்ணா நோவும் உண்டாகின்றன. கலத்தினுள்ளே நுண்குழாய்களை ஆக்கும் தியூபுலின் என்னும் புரதத்தைக் கொல்சிசின் பற்றிக்கொள்கின்றது. நுண்குழாய்கள் உருவாகாதவிடத்து வெண்கலங்கள் நகரமாட்டா, அழற்சி தணிகின்றது. யூரிக்கமிலத்தை இது குறைப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆனால் அந்நுண்குழாய்களே கலப்பிரிவுக்கும் வேண்டியவை. ஆதலின் விரைவிற் பிரியும் கலங்களையுடைய குடலும் என்புமச்சையும் முதலில் இடருறுகின்றன. முற்காலத்து மருத்துவர் நோவு தணியும்வரை அல்லது வயிற்றோட்டம் காணும்வரை மணிக்கணக்காக மருந்தை ஏற்றினர். 2010 இல் வெளியான ஒப்பாய்வொன்று இவ்வழக்கத்தைத் தகர்த்தது. 1.2 மில்லிகிராமும் ஒரு மணி நேரத்தின்பின் 0.6 மில்லிகிராமும் கொடுப்பது, ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுப்பதற்கு ஈடாகப் பயன் தந்தது. வயிற்றோட்டமோ மிகக் குறைந்தது.

இருதய நோயிலும் அழற்சிக்குப் பங்குண்டெனத் தெளிந்தபின், 2019 இல் மாரடைப்புற்ற 4,745 பேரிலும், 2020 இல் நாட்பட்ட முடியுருநாடி நோயினர் 5,522 பேரிலும் நடந்த ஆய்வுகள் சிறு அளவு நற்பயன் தருமெனக் காட்டின. 2023 இல் ஐக்கிய அமெரிக்கா நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராமை அந்நோய்க்கு ஏற்றுக்கொண்டது. எனினும் 2024 இல் வெளியான, ஏறத்தாழ ஏழாயிரம் மாரடைப்பு நோயாளரை உட்படுத்திய ஆய்விற் பயன் காணப்படவில்லை. முடிவு கூற அவசரப்படுதல் தகாது.

மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி சிறிது. சிறுநீரகம் அல்லது ஈரல் பழுதுற்றோரிலும், கிளாரித்திரோமைசின், சைக்குளோசுப்போரின் முதலியன உட்கொள்வோரிலும் மருந்து உடலிலே தேங்கி வழக்கமான அளவே நஞ்சாகலாம். நாட்டுக் கிழங்கிலோ எவ்வளவு கொல்சிசின் உளதென்பது கண்ணாற் காணவொண்ணாதது.

நஞ்சுண்டவர்க்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தோன்றும். அவை தணிந்ததுபோற் காட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் இருதயமும் சிறுநீரகமும் தளர, என்புமச்சையும் ஒடுங்கும். பிழைத்தோர்க்குப் பின்னர்த் தலைமயிர் உதிர்வதுண்டு. நம்பத்தக்க மாற்றுமருந்து பொதுவழக்கில் இல்லை. குருதிச் சுத்திகரிப்பும் இந்நஞ்சை அகற்றாது. முதல் மணி நேரங்களிற் கொடுக்கும் செயலூட்டிய கரியே பயன் தரக்கூடியது. ஆகவே கிழங்கை உண்டவர் நலமாகத் தோன்றினும் அவரை அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வர்.