மூன்று தோழிகள்... பன்னிரண்டு 'நம்பர் ஒன்'!

எட்டு முறை முயற்சி செய்தும் முதலிடம் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் என்ன செய்வீர்கள் குட்டீஸ்? "போதும்டா சாமி!" என்று மூட்டை கட்டி விடுவீர்கள்தானே? அப்படி மூட்டை கட்டாத மூன்று பெண்களின் கதை இது. அவர்கள் குழுவின் பெயர், 'தி சுப்ரீம்ஸ்'. அவர்கள் பாட்டைக் கேட்டால் கால் தானாகவே தாளம் போடும். நான் அவர்களின் பரம ரசிகன். அதனால், கொஞ்சம் அதிகமாகவே புகழ்வேன்; கண்டுக்காதீங்க!

கார் நகரத்துப் பாட்டு

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு நகரம். அங்கே கார் தொழிற்சாலைகள் அதிகம். அதனால் அதற்கு, 'மோட்டார் டவுன்' என்று செல்லப் பெயர். அந்த ஊரில், ஏழைக் குடும்பங்களுக்காக அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள்தான் ஃபுளோரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ். மூவரும் கறுப்பினப் பெண்கள். 1959-ல் இன்னொரு தோழியையும் சேர்த்துக்கொண்டு, 'பிரைமெட்ஸ்' என்ற பெயரில் பாட ஆரம்பித்தனர். அப்போது மூவருக்கும் வயது 15, 16 தான்.

அதே ஊரில், அதே ஆண்டு, பெர்ரி கோர்டி என்பவர் தன் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி, பாட்டுக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் புகழ்பெற்ற, 'மோட்டவுன்.' ஒரு சாதாரண வீட்டை வாங்கி அதில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தவர், வாசலில், 'ஹிட்ஸ்வில்' என்று பலகை மாட்டினார். அதாவது, 'ஹிட் பாட்டுகளின் ஊர்!' இன்னும் ஒரு பாட்டுகூட பெரிதாக ஓடவில்லை; அதற்குள் அவ்வளவு தைரியம்!

நம் தோழிகள் அங்கே போய் வாய்ப்புக் கேட்டனர். முதலில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வரும்படி சொல்லி அனுப்பினார் கோர்டி. அவர்கள் விடவில்லை. பள்ளி முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து விடுவர். மற்றவர்கள் பாடும்போது கைதட்ட ஆள் வேண்டுமா? இவர்கள் தட்டுவர். பின்னணியில், 'ஊ... ஆ...' என்று குரல் கொடுக்க வேண்டுமா? இவர்கள் கொடுப்பர். 1961 ஜனவரியில் ஒப்பந்தம் கிடைத்தது. 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஃபுளோரன்ஸ்.

'சிங்கிள்' என்றால் என்ன?

இப்போது நாம் நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் கேட்கிறோம். அப்போது, ஏழு அங்குல அகலமுள்ள சின்ன இசைத்தட்டை வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. நிமிடத்துக்கு 45 முறை சுற்றும். அதற்குப் பெயர்தான், 'சிங்கிள்.' எந்த சிங்கிள் அதிகம் விற்கிறது, எது வானொலியில் அதிகம் ஒலிக்கிறது என்று கணக்கெடுத்து, 'பில்போர்டு' என்ற பத்திரிகை வாராவாரம் 100 பாட்டுகளை வரிசைப்படுத்தியது. அதில் முதலிடம் பிடிப்பது, வகுப்பில் முதல் ரேங்க் வாங்குவது மாதிரி!

சுப்ரீம்ஸ் முதல் மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட எட்டு சிங்கிள்களில், முதல் 40 இடங்களுக்குள் நுழைந்தது ஒன்றே ஒன்று. 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று கம்பெனிக்குள்ளேயே கேலி செய்தனர். இதற்கிடையே நான்காவது தோழியும் விலகிவிட, குழு மூன்று பேர் ஆனது.

பிடிக்காத பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது

1964-ல் ஒரு பாட்டு அவர்கள் கைக்கு வந்தது. 'வேர் டிட் அவர் லவ் கோ' என்பது அதன் பெயர். எழுதி இசையமைத்தவர்கள் பிரையன் ஹாலண்ட், லமாண்ட் டோஜியர், எடி ஹாலண்ட் என்ற மூவர் கூட்டணி. 'மார்வெலெட்ஸ்' என்ற வேறொரு பெண்கள் குழுவை மனதில் வைத்து உருவான பாட்டு அது. நம் மூவருக்கும் அது பிடிக்கவே இல்லை. டயானாவுக்கு வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதி வேறு. வேண்டா வெறுப்பாகப் பாடி முடித்தனர்.

பாட்டின் ஆரம்பத்தில், 'தப்... தப்... தப்...' என்று ஓர் ஓசை வரும். அது டிரம்ஸ் இல்லை குட்டீஸ்! மரப் பலகைகள் மேல் ஒருவர் காலால் மிதித்த சத்தம்! அந்த ஓசைமேல் டயானாவின் மெல்லிய குரல் மிதந்து வரும். கூடவே, மற்ற இருவரின் குரல் அலை மாதிரி வந்து வந்து போகும்.

அந்தக் கோடையில், பல பாடகர்கள் சேர்ந்து பஸ்ஸில் ஊர் ஊராகப் போகும் இசைப் பயணத்தில் சுப்ரீம்சும் போனார்கள். புறப்படும்போது, அறிவிப்புப் பலகையில் அவர்கள் பெயர் கடைசியில் இருந்தது. ஊருக்கு ஊர் கைதட்டல் கூடியது. பயணம் முடிவதற்குள் அவர்கள்தான் கதாநாயகிகள்! ஆகஸ்டில் அந்தப் பாட்டு நாட்டிலேயே முதலிடம் பிடித்தது.

அப்போது, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனி உணவகம், தனிக் குடிநீர்க் குழாய் என்று ஒதுக்கி வைத்திருந்தனர். அந்த அநியாயத்தைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது, 1964 ஜூலை 2-ல். அதே ஆண்டு டிசம்பர் 27-ல், நாடே பார்க்கும், 'எட் சல்லிவன் ஷோ' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சுப்ரீம்ஸ் பாடினர். கறுப்பினச் சிறுமிகள் பலர், தங்களைப் போன்ற மூன்று பெண்கள் ராணிகள் மாதிரி நிற்பதை வீட்டிலிருந்தே பார்த்தனர். வெறும் பாட்டு செய்கிற வேலையா இது!

வரிசையாய் ஐந்து

அடுத்து, 'பேபி லவ்', 'கம் சீ அபவுட் மீ', 'ஸ்டாப்! இன் தி நேம் ஆஃப் லவ்', 'பேக் இன் மை ஆர்ம்ஸ் அகெய்ன்.' வரிசையாக ஐந்து சிங்கிள்களும் முதலிடம்! 'ஸ்டாப்' பாட்டுக்கு, போக்குவரத்து போலீஸ்காரர் மாதிரி கையை நீட்டி, 'நில்!' என்று காட்டுவர். 1965-ல் லண்டனில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சற்று முன், சக குழுவான, 'டெம்ப்டேஷன்ஸ்' பாடகர்கள் சொல்லிக் கொடுத்த அசைவு அது. இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் கை தானாக நீளும்.

ஆறாவது பாட்டு 11-வது இடத்தோடு நின்றது. அதற்காக யாரும் மூலையில் உட்காரவில்லை. அடுத்து வந்த, 'ஐ ஹியர் எ சிம்பொனி' மறுபடி முதலிடம்!

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, 1966-ல் வந்த, 'யூ கான்ட் ஹர்ரி லவ்.' அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும் என்று அம்மா சொன்ன புத்திமதியை நினைத்துப் பார்க்கும் பாட்டு. தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிக்கும் பேஸ் கிடாரைக் கேளுங்கள். யாரோ துள்ளித் துள்ளிப் படியிறங்கி வருகிற மாதிரி இருக்கும். அதே ஆண்டு வந்த, 'யூ கீப் மி ஹேங்கிங் ஆன்' பாட்டில், கிடார் தந்தி அடிக்கிற மாதிரி, 'டிக் டிக் டிக்' என்று அவசரமாக ஒலிக்கும். ஒரே குழுவின் இரண்டு பாட்டுகளுக்கு எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

பின்னால் நின்றவர்கள்

ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மூவருமே மாறி மாறி முன்னால் நின்று பாடினர். ஃபுளோரன்சின் குரல் கணீரென்று ஒலிக்கும். ஆனால், வானொலிக்கு டயானாவின் குரல்தான் பொருந்தும் என்று கோர்டி முடிவு செய்தார். குழுவைத் தொடங்கி, பெயரும் வைத்தவர் பின்வரிசைக்குப் போனார். மனம் நொந்து போன ஃபுளோரன்ஸ், 1967-ல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். சிண்டி பேர்ட்சாங் அவர் இடத்துக்கு வந்தார். வறுமையில் வாடிய ஃபுளோரன்ஸ், 1976-ல் 32 வயதிலேயே இறந்து போனார்.

டயானாவோடு வந்த கடைசி 'நம்பர் ஒன்' பாட்டின் பெயர், 'சம்டே வீ'ல் பி டுகெதர்.' 'ஒருநாள் ஒன்றாக இருப்போம்' என்று அர்த்தம். ஆனால், அதில் மேரியும் சிண்டியும் பாடவே இல்லை; வேறு பாடகிகள்தான் பின்னணியில் பாடினர். 1970-ல் டயானா தனியே போய்விட்டார். மேரி மட்டும் 1977 வரை குழுவைக் கட்டிக் காத்தார். அவர் 2021-ல் காலமானார்.

அதனால், அடுத்த முறை சுப்ரீம்ஸ் பாட்டைக் கேட்கும்போது, ஒரு வேலை செய்யுங்கள். முதல் முறை டயானாவைக் கேளுங்கள். இரண்டாம் முறை, பின்னால் வருகிற அந்த இரண்டு குரல்களை மட்டும் கேளுங்கள். அவை இல்லாவிட்டால் பாட்டு எவ்வளவு வெறுமையாகிவிடும் என்று புரியும். உங்கள் பள்ளி கோரஸில் கடைசி வரிசையில் நின்று பாடுபவருக்கும் ஒரு சபாஷ் சொல்லத் தோன்றும்!

முதலிடம் பிடித்த 12 பாட்டுகள்!

1964: வேர் டிட் அவர் லவ் கோ, பேபி லவ், கம் சீ அபவுட் மீ

1965: ஸ்டாப்! இன் தி நேம் ஆஃப் லவ், பேக் இன் மை ஆர்ம்ஸ் அகெய்ன், ஐ ஹியர் எ சிம்பொனி

1966: யூ கான்ட் ஹர்ரி லவ், யூ கீப் மி ஹேங்கிங் ஆன்

1967: லவ் இஸ் ஹியர் அண்ட் நவ் யூ ஆர் கான், தி ஹாப்பனிங்

1968: லவ் சைல்ட்

1969: சம்டே வீ'ல் பி டுகெதர்