ஒலிப்பேழை இயக்கியுள்ள மகிழுந்து ஒலியமைப்பை மேம்படுத்தல்

ஒலிப்பேழை இயக்கியுள்ள மகிழுந்து ஒலியமைப்பை மேம்படுத்தல் என்பது, பழைய மகிழுந்துடன் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த வானொலி-கசெட் கருவியை அகற்றாமல், செல்லிடத் தொலைபேசி முதலிய புதிய ஒலி மூலங்களை அதனுடன் இணைப்பதையும், ஒலிபெருக்கிகள், மிகைப்பி ஆகியவற்றைப் புதுப்பிப்பதையும் குறிக்கும். இணைப்பதற்கு வழிகள் பல இருப்பினும், அவற்றுக்கிடையே உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றே. அது, புதிய சைகை பழைய கருவியின் எந்த இடத்தில் நுழைகிறது என்பதாகும். அன்டெனா வழியே நுழைவது எளிது. ஆனால் ஒலித்தரம் குறைவு. கருவியின் உட்பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல ஒலி தெளிவடையும். கருவியைப் பழுதாக்கிவிடும் வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும்.

பின்னணி

பொதுவழக்கில் கசெட் எனப்படும் ஒலிப்பேழையை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்தியது. அதன் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவது. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை மகிழுந்துகளில் இதுவே முதன்மையான ஒலி ஊடகமாக விளங்கியது. அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கசெட் இயக்கி பொருத்தி விற்கப்பட்ட கடைசி மகிழுந்தாகப் பொதுவாகக் கூறப்படுவது, 2010 ஆம் ஆண்டு மாதிரியான லெக்சஸ் எஸ்சி 430 ஆகும்.

பழைய ஸ்டீரியோ பெரும்பாலும் 180 மிமீ அகலமும் 50 மிமீ உயரமும் கொண்ட பொது அளவிலான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அத்தகைய மகிழுந்தில் அதனை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது கடினமன்று. ஆனால் 1990களில் பல நிறுவனங்கள் டாஷ்போர்டின் வடிவத்தோடு ஒன்றிப்போன கருவிகளை அமைத்தன. 1996 ஆம் ஆண்டு மாதிரியான ஃபோர்டு டாரஸ் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதில் வானொலியின் பொத்தான்களும் குளிரூட்டியின் பொத்தான்களும் ஒரே நீள்வட்டப் பலகையில் இருந்தன. இத்தகைய மகிழுந்துகளில் ஸ்டீரியோவை மாற்றுவதெனில் பலகையையே மாற்றவோ வெட்டவோ நேரும். வெட்டிய டாஷ்போர்டைப் பின்னர் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. உற்பத்தி நின்றுபோன மாதிரிக்கு மாற்றுப் பலகை கிடைப்பதும் அரிது.

பழைய தோற்றத்தை விரும்புவோரை உற்பத்தியாளர்களும் அறிந்துள்ளனர். போர்ஷே நிறுவனம் தன் பழைய 911 மகிழுந்துகளுக்காக 2020 இல் வெளியிட்ட பிசிசிஎம் என்னும் கருவி, பழைய வானொலியின் தோற்றத்தில் தொடுதிரையும் ஊடலையும் கொண்டது. ஆனால் அதில் நாடா இயங்காது. வீட்டில் பதிவு செய்த குரல்களும், பின்னர் வேறு வடிவில் வெளிவராத பாடல்களும் கசெட்டில் மட்டுமே இருப்பவர்களுக்கு இது தீர்வாகாது.

இயக்கியின் நிலையை அறிதல்

எதனை இணைப்பதற்கு முன்னரும் கசெட் இயக்கி ஓடுகிறதா என்று பார்ப்பது முறை. ஆண்டுகள் பல கடந்த கருவிகளில் முதலில் கெடுவது மின்னணுச் சுற்றன்று, ரப்பரே கெடுகிறது. மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் பெல்ட் தளர்ந்து, சிலவற்றில் உருகித் தார்போல் ஒட்டிக்கொள்ளும். நாடாவை அழுத்தி இழுக்கும் உருளை இறுகி வழவழப்பாகிவிட்டால் நாடா சிக்கிக்கொள்ளும். பெல்ட்டை மாற்றி, காந்தத் தலையையும் உருளைகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே பல கருவிகள் மீண்டும் நன்றாக ஓடும். உலர்ந்து வெடித்த ரப்பர் உருளையை ஆல்ககாலால் துடைப்பதைவிட மாற்றிவிடுவதே மேல்.

அன்டெனா வழி

சிறிய பண்பலைப் பரப்பி தொலைபேசியின் ஒலியைப் பண்பலை அலையாக மாற்றி அனுப்ப, மகிழுந்தின் வானொலி அதனை ஒரு நிலையத்தைப் போலப் பெறுகிறது. இதன் திறன் சட்டப்படி மிகக் குறைவாக வரையறுக்கப்பட்டுள்ளது. பிரித்தானியாவில் 2006 டிசம்பர் 8 வரை இக்கருவிகளைப் பயன்படுத்துவதே சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது. அன்று முதல் 50 நானோவாட்டு வரை அனுமதிக்கப்பட்டது. நிலையங்கள் நெருங்கிய நகரங்களில் வெற்று அலைவரிசை கிடைப்பதரிது. ஊர் கடக்குந்தோறும் வேறு நிலையம் குறுக்கிடும். அன்டெனாக் கம்பியின் இடையில் பொருத்தப்படும் பண்பலை மாற்றி இக்குறையை வெகுவாகக் குறைக்கிறது. எனினும் பண்பலை ஒலிபரப்பின் மேல் எல்லையான 15 கிலோஹெர்ட்சு இரண்டுக்கும் பொருந்தும்.

கசெட் தகவி

கசெட்டின் வடிவில் அமைந்து, ஒரு கம்பியின் வழியே வெளி ஒலியைப் பெறும் கருவி கசெட் தகவி எனப்படும். அமெரிக்கப் பொறியாளர் லாரி ஷாட்ஸ் இதற்கு 1988 இல் காப்புரிமை பெற்றார். எடுத்துச்செல்லும் குறுந்தட்டு இயக்கிகளை மகிழுந்தில் கேட்பதே அன்றைய தேவை. பின்னர் வந்த எம்பி3 இயக்கிகளுக்கும் தொலைபேசிகளுக்கும் அதே கருவி மாற்றமின்றிப் பொருந்தியது.

தகவியினுள் நாடா இல்லை. நாடா இருக்க வேண்டிய இடத்தில், இயக்கியின் காந்தத் தலைக்கு நேர் எதிரே, ஒரு சிறு சுருள் உள்ளது. ஒலிச் சைகை அச்சுருளில் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் ஓடும் நாடாவின் புலத்தை ஒத்திருப்பதால், கருவி வேறுபாடு அறியாமல் அதனைப் பெருக்குகிறது.

தகவிகளின் ஒலி பெரிதும் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. காந்தத் தலை தன்னைக் கடக்கும் காந்தப் பாயத்தின் அளவையன்று, அது மாறும் விரைவையே மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஆகவே அதிர்வெண் இரு மடங்கானால் மின்னழுத்தமும் இரு மடங்காகும். இதனைச் சமன்செய்யும் சுற்று ஒவ்வொரு கசெட் இயக்கியிலும் உண்டு. சாதாரண நாடாவுக்கு அதன் நேர மாறிலி 120 மைக்ரோநொடி; அதாவது ஏறக்குறைய 1326 ஹெர்ட்சுக்கு மேல் அதன் இயல்பு மாறுகிறது. தகவியின் சுருளும் அதனுடன் தொடராக உள்ள மின்தடையும் இதே மாறிலிக்கு ஏற்ப அமைந்தால் ஒலி சமமாக வரும். அமையாவிடில் ஒலி மெலிந்தோ மந்தமாகவோ கேட்கும். அதற்கு இயக்கியைக் குறைகூறுவதில் பொருளில்லை. வேறொரு தகவியை முயன்று பார்க்கலாம். குரோம் நாடாவுக்கான பொத்தானை அழுத்தினால் மாறிலி 70 மைக்ரோநொடியாகி, உயர் அதிர்வெண்கள் ஏறக்குறைய 4.7 டெசிபெல் தாழும். டால்பி இரைச்சல் குறைப்பு அணைந்திருத்தல் வேண்டும்.

தகவியினுள் உள்ள பற்சக்கரங்களுக்கு ஒலியோடு தொடர்பில்லை. நாடா சுற்றும் அச்சு சுழலவில்லையெனில் நாடா முடிந்துவிட்டதென்று கருதி இயக்கி நின்றுவிடும், அல்லது தானே மறுபக்கத்துக்கு மாறும். அவ்வாறு நிகழாதிருக்கவே அவை உள்ளன. கடகடவென்ற ஓசை அவற்றினுடையது. தானே பக்கம் மாறும் இயக்கிகளில் மறுபக்கத்துக்குச் சென்றால் ஒலி நின்றுவிடக்கூடும். திசை மாற்றும் பொத்தானை அழுத்தினால் போதும். மூடிக்கொள்ளும் வாயிலுடைய சில கருவிகளில் கம்பி நசுங்கும். ஊடல் தகவிகளில் கம்பி இல்லை. மின்கலம் மட்டும் அடிக்கடி தீரும்.

குறுந்தட்டு மாற்றிக்கான வாயில்

1990களின் பல கசெட் கருவிகளின் பின்புறத்தில், பெட்டியில் வைக்கப்படும் குறுந்தட்டு மாற்றிக்கான இணைப்பு வாயில் உண்டு. மாற்றி இருப்பதாகக் கருவியை நம்பச்செய்யும் சிறு பெட்டியை அங்கு இணைத்தால், தொலைபேசியின் ஒலி நேரடியாக மிகைப்பிக்குச் செல்லும். காந்தத் தலையோ வானொலியோ இடையில் வருவதில்லை. கருவியைத் திறக்கவும் வேண்டாம். இவ்வாயில் உள்ள கருவிக்கு இதுவே மிகச் சிறந்த வழி. கருவியுடன் பேசும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், மாதிரி எண்ணைப் பார்த்தே பெட்டியை வாங்குதல் வேண்டும்.

உட்சுற்றில் இணைத்தல்

அவ்வாயில் இல்லாத கருவியைத் திறந்து, காந்தத் தலையின் முன்மிகைப்பிக்கும் ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்கும் இடையில் சைகையைச் செலுத்துவதுண்டு. சுவிட்சுடன் கூடிய 3.5 மிமீ செருகுவாயைப் பயன்படுத்துவது இதில் முக்கியமானது. செருகியை நுழைத்தால் கசெட்டின் சைகை துண்டிக்கப்பட்டுத் தொலைபேசியின் சைகை செல்லும். எடுத்துவிட்டால் கசெட் முன்போலவே பாடும். இரண்டையும் ஒரே புள்ளியில் வெறுமனே ஒட்டிவிட்டால் ஒன்றின் வெளியீடு மற்றொன்றுக்குச் சுமையாகும். சுற்றிலுள்ள நேர்மின்னழுத்தம் தொலைபேசிக்குச் செல்லாதிருக்க ஒவ்வொரு தடத்திலும் ஒரு மின்தேக்கி தேவை.

கசெட் ஓடும்போது மட்டுமே கருவி அத்தடத்தைத் தேர்கிறது. ஆகவே வெற்று நாடா ஒன்றை ஓடவிடுவது வழக்கம். இதனால் மோட்டாரும் பெல்ட்டும் வீணே தேய்கின்றன என்பது உண்மை. மின்சுற்று வரைபடமின்றி இவ்வேலையில் இறங்குவது உகந்ததன்று.

ஒலிபெருக்கிகளும் மிகைப்பியும்

ஒலித்தரத்தில் பெரிய மாற்றம் பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது. காகிதக் கூம்பும் நுரை விளிம்பும் உதிர்ந்த ஒலிபெருக்கியை அதே அளவும் அதே மின்மறுப்பும் கொண்ட புதியதால் மாற்றுவதற்குக் கருவியைத் தொடவே வேண்டாம்.

பழைய கருவியின் மிகைப்பி சிறியது. 14.4 வோல்ட்டில் இயங்கும் எளிய மிகைப்பி 4 ஓம் ஒலிபெருக்கிக்குத் திரிபின்றித் தரக்கூடியது கணக்கின்படி ஏறக்குறைய 6.5 வாட்டு; பால அமைப்புடைய மிகைப்பி ஏறக்குறைய 26 வாட்டு. பெட்டியின்மேல் அச்சிடப்படும் 50 வாட்டு போன்ற எண்கள் இதனைக் கடந்த உச்ச அளவுகளே. ஒலிபெருக்கிக் கம்பியிலிருந்தே சைகையைப் பெறும் உள்ளீடு கொண்ட தனி மிகைப்பியை இருக்கையின் கீழ் வைத்தால், பழைய ஸ்டீரியோ அப்படியே இருக்கும்.

இங்கு ஓர் ஆபத்து உண்டு. பழைய மகிழுந்துகள் சிலவற்றில் ஒலிபெருக்கிகளின் எதிர்முனைகள் யாவும் ஒன்றாக இணைந்து உடற்சட்டத்துக்குச் செல்கின்றன. பால அமைப்பில் இரு முனைகளிலும் சைகை உண்டு. அதன் ஒரு முனை உடற்சட்டத்தைத் தொட்டால் மிகைப்பி எரிந்துபோகலாம். அத்தகைய மகிழுந்தில் ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் இரண்டு புதிய கம்பிகள் இழுத்தல் வேண்டும்.

இரைச்சலும் மின்வழங்கலும்

தொலைபேசியை மகிழுந்திலேயே மின்னேற்றிக்கொண்டு பாட்டுக் கேட்கும்போது, எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி கேட்பதுண்டு. மின்னேற்றியின் எர்த்தும் ஒலிக் கம்பியின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாவதே இதற்குக் காரணம். மின்னேற்றியைப் பிடுங்கியதும் ஓசை நின்றால் காரணம் உறுதி. ஒலிக் கம்பியின் இடையில் 1:1 மின்மாற்றி கொண்ட தனிமைப்படுத்தியைச் செருகினால் வளையம் அறும்.

ஊடல் பெறுவிக்கு மின்சாரம் எடுக்கும்போது, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் கம்பியிலிருந்து எடுத்தல் வேண்டும். நிலையான 12 வோல்ட்டுக் கம்பியிலிருந்து எடுத்தால் நிறுத்தி வைத்த மகிழுந்தின் மின்கலம் வற்றும். ஐஎஸ்ஓ 10487 இணைப்பானில் நிலையான மின்சாரம் 4 ஆம் முனையிலும், சாவியின் மின்சாரம் 7 ஆம் முனையிலும் வரும். சில வோக்ஸ்வாகன், ஔடி மகிழுந்துகளில் இவ்விரண்டும் இடம் மாறியிருப்பதால் அளந்து பார்ப்பதே பாதுகாப்பு. வேலைக்கு முன் மின்கலத்தைக் கழற்றுவது நல்லது. ஆயினும் திருட்டுத் தடுப்புக் குறியெண் கொண்ட ஸ்டீரியோ மின்சாரம் நின்றதும் பூட்டிக்கொள்ளும். எனவே கையேட்டுடன் வரும் சிறு அட்டையில் அச்சிடப்பட்டுள்ள அவ்வெண்ணைத் தேடி எடுத்த பின்னரே மின்கலத்தைக் கழற்றுதல் வேண்டும்.