கற்பனைக்கும் ஊர் உண்டு, சேரி உண்டு

கீழப்பாவூரில் ஒரு குழந்தையிடம் தாளும் வண்ணமும் கொடுத்தால் குளமும் மலையும் வரையலாம். தாயின் மடியிலிருக்கும் பீடித் தட்டையும் வரையலாம். பட்டறிவின் கூறுகளைப் புதிதாக இணைப்பதே கற்பனை என்றும், பிறர் சொல்லக் கேட்டதும் அப்பட்டறிவில் அடங்கும் என்றும் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930இல் விளக்கினார். ஊரையும் சேரியையும் பிரிக்கும் சாதி, குழந்தை காண்பதையும் கேட்பதையும் பிரித்துவிடுகிறது.

தலித் ஓவியர் சவி சாவர்க்கர் 1961இல் நாக்பூரில் பிறந்தவர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1956 அக்டோபர் 14 அன்று, அண்ணல் அம்பேத்கர் மக்கள் திரளுடன் பௌத்தம் தழுவிய நகரம் அது. பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதோர் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கப் பணிக்கப்பட்டதை அம்பேத்கர் எழுதியுள்ளார். சாவர்க்கர் அவ்வுருவைக் கண்ணால் கண்டவரல்லர். ஆயினும் அது அவருடைய ஓவியங்களில் மீண்டும் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஒரு சமூகத்தின் நினைவே அங்குக் கோடாகிறது.

கலைவாழ்வில் பங்கேற்பது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு. இந்தியா 1992இல் அதை ஏற்றது. எனவே, தன் தெருவை வரைந்த சேரிக் குழந்தையிடம் ‘அழகாக வேறொன்று வரை’ என்பது அறிவுரையன்று, உரிமைப் பறிப்பு.