ஆசிரியர்களுக்கும் சிமுலேட்டர் தேவையா? 36 நிமிடப் பயிற்சி சொல்லும் பாடம்

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்கிறீர்கள். பள்ளியில் நீங்கள் மட்டும்தான் ஆசிரியர். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில். முதல் நாள் என்ன செய்வீர்கள்?

கற்பனை இல்லை. 2024-25 யுடைஸ் பிளஸ் தரவுப்படி, இந்தியாவில் 1,04,125 பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். அங்கே சுமார் 33.76 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். விமானி முதலில் சிமுலேட்டரில் தவறு செய்து பழகுகிறார். புது ஆசிரியரின் தவறோ நேராகப் பிள்ளைகள் மேல்தான் விழுகிறது.

பயிற்சிக் காலம் போதாதா?

2014-ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் விதிகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி. ஆனால் உண்மையான வகுப்பை நடுவில் நிறுத்தி, "இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன்" என்று கேட்க முடியாது. பாவனை வகுப்பில் முடியும்.

பாவனை வகுப்பு என்றால்?

அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டீச்லைவ்' ஒரு உதாரணம். திரையில் கணினி மாணவர்கள். அவர்களைப் பின்னாலிருந்து பேசவைத்து இயக்குவது ஒரு மனிதர். குறும்பு செய்வார்கள், பதில் சொல்லாமல் முறைப்பார்கள்.

நம் ஊரில் இது உண்டா?

உண்டு, கணினியே இல்லாமல். ஸ்டான்ஃபோர்டில் 1960-களில் தொடங்கிய 'மைக்ரோ டீச்சிங்' முறையை நம் சூழலுக்கு மாற்றியதில் என்.சி.இ.ஆர்.டி.க்கும் பரோடா பல்கலைக்கழகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இதில் சக பயிற்சி ஆசிரியர்களே மாணவர்களாக நடிப்பார்கள். கணக்கு இதுதான்:

- கற்பித்தல்: 6 நிமிடம்
- கருத்துக் கேட்டல்: 6 நிமிடம்
- பாடத்தைத் திருத்தித் திட்டமிடல்: 12 நிமிடம்
- மீண்டும் கற்பித்தல்: 6 நிமிடம்
- மீண்டும் கருத்து: 6 நிமிடம்

மொத்தம் 36 நிமிடம். அதில் பாடம் நடத்துவது 12 நிமிடம்தான். மீதி 24 நிமிடமும் கேட்பதற்கும் திருத்துவதற்கும்.

எது பலன் தருகிறது?

வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பாவனை வகுப்புகளுக்கு இடையே ஒரு குழுவுக்குப் பயிற்றுநர் சில நிமிடம் வழிகாட்டினார். இன்னொரு குழு தானாகவே யோசித்துப் பார்த்தது. வழிகாட்டல் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். மற்றவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. தொழில்நுட்பம் இரு குழுவுக்கும் ஒன்றுதான். வித்தியாசம், திருத்திச் சொல்ல ஒருவர் இருந்தது.

அப்படியானால் சிக்கல் எங்கே?

நடிக்கும் நண்பர்கள் ரொம்ப நல்ல பிள்ளைகளாக இருந்துவிட்டால் பயிற்சிக்கு அர்த்தமில்லை. கேள்விக்கு உடனே கை தூக்குவார்கள். திருத்தி மீண்டும் நடத்தும் பகுதி ரெக்கார்ட் நோட்டில் மட்டும் நடந்தால், மிஞ்சுவது சடங்குதான்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். துண்டுச் சீட்டு போதும். "புரியாமலே தலையாட்டு", "சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டு", "நீ இரண்டாம் வகுப்பு, உனக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது" என்று ஆளுக்கொன்று எழுதிக் கொடுக்கலாம். பாடம் நடத்துபவருக்கு மட்டும் அது தெரியக் கூடாது.

உங்கள் வீட்டில் யாராவது ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தால், கல்லூரியில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "தப்பு செய்தால், திருத்திக்கொண்டு மறுபடி நடத்திப் பார்க்க விடுவார்களா?"